சிங்கப்பூர்ப் பேரங்காடிகளின் ஏற்றமும் இறக்கமும்

கடை என்னும் சொல்லுக்கு வாயில் என்றும் முடிவு என்றும் தமிழில் பொருளுண்டு. பண்டம் விற்கும் இடம் என்பது அதன் பல பொருள்களுள் ஒன்றே. அங்காடி என்பதும் பழஞ்சொல்லே. புகார் நகரத்து நாளங்காடியைச் சிலம்பும், மதுரையின் அல்லங்காடியை மதுரைக்காஞ்சியும் விரித்துரைப்பதைத் தமிழாசிரியர் அறிவர். ஆயினும், ஒரே கூரையின்கீழ், ஒரே உரிமையாளரின் பொறுப்பில், பொருள்களைப் பல பிரிவுகளாக வகுத்து, விலையைச் சீட்டில் எழுதி வைத்து விற்கும் முறை மேலைநாட்டார் 19ஆம் நூற்றாண்டில் வளர்த்தெடுத்தது. அத்தகைய கடையையே பேரங்காடி என்றும் பல்பொருள் அங்காடி என்றும் இன்று வழங்குகின்றோர் பலர். சிங்கப்பூரில் அம்முறை 1845ஆம் ஆண்டளவில் வேரூன்றி ஏறத்தாழ ஒன்றே முக்கால் நூற்றாண்டு நிலைத்தது. அதன் மிகப் பழைய பெயர்களுள் எஞ்சியிருந்த கடைசிப் பெயரும் 2021இன் தொடக்கத்தில் கடைவீதியை விட்டு மறைந்தது.

அது ஏன் மறைந்தது என்று வினவினால், இணைய வணிகம் வந்தது, கொள்ளைநோய் வந்தது, கடை வீழ்ந்தது என்று விரைந்து விடை கூறுவோர் உளர். அவ்விடை முற்றும் பொய்யன்று. ஆனால் வரலாற்றைக் கூர்ந்து நோக்குவார்க்கு அது போதாது. குண்டு வீச்சையும் பெருந்தீயையும் தாங்கி எழுந்த கடை, ஒரு கைப்பேசித் திரைக்கு முன் ஏன் எழ இயலாமற் போயிற்று என்பதே ஆராயத்தக்கது.

சிங்கப்பூர் ஆற்றின் தென்கரை ஆதியில் சதுப்பு நிலம். 1822ஆம் ஆண்டில் ஸ்டாம்ஃபர்டு இராபிள்ஸ் அங்கிருந்த சிறு குன்றொன்றை வெட்டி, அம்மண்ணால் கரையை மேடாக்கச் செய்தார். குன்று நின்ற இடம் வணிகச் சதுக்கம் ஆயிற்று. சுற்றிலும் பண்டகசாலைகள் எழுந்தன. 1858ஆம் ஆண்டில் அச்சதுக்கத்திற்கு இராபிள்ஸ் பிளேஸ் என்று பெயர் மாற்றினர்.

அங்கே முதலில் பெயர்பெற்ற கடை ஜான் லிட்டில். அதன் மூலம் ஓர் ஆங்கிலேயரும் ஒரு பார்சி வணிகரும் சேர்ந்து நடத்திய கூட்டு நிறுவனம் என்பது பலர் அறியாத செய்தி. 1853இல் கூட்டுப் பிரிந்து, லிட்டில் உடன்பிறந்தார் தனியே கடை வைத்தனர். இராபிள்ஸ் பிளேஸ் பெயர் மாற்றம் பெற்ற அதே 1858ஆம் ஆண்டில், பிலிப் இராபின்சன் என்பவர் ஸ்பைசர் என்னும் கூட்டாளியோடு இன்னொரு கடையைத் தொடங்கினார். ஸ்பைசர் ஓராண்டில் விலகிக் கொள்ள, இராபின்சன் பெயரே நிலைத்தது. சயாம் நாட்டு மன்னர் மோங்குட் அக்கடையின் வாடிக்கையாளருள் ஒருவர் என்பர். கல்கத்தாவில் தொடங்கிய வொயிட்அவே லெயிட்லா நிறுவனம் 1900இல் சிங்கப்பூரில் கிளை திறந்தது; அதுவும் பின்னர் இராபிள்ஸ் பிளேஸைச் சேர்ந்தது.

இக்கடைகள் யாருக்காக எழுந்தன? அரசாங்க அலுவலர், கப்பல் நிறுவனத்தார், மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களிலும் ஈயச் சுரங்கங்களிலும் இருந்த துரைமார், அவர்தம் மனைவியர் ஆகியோரே அவற்றின் முதன்மையான வாடிக்கையாளர். செல்வமிக்க சீனரும் பிற ஆசியரும் அவர்களுக்கு அடுத்து வந்தனர். சீமையிலிருந்து கப்பலேறி வந்த துணி, தொப்பி, காலணி, பீங்கான், மருந்து, தைலம் என ஆங்கிலக் குடும்பம் ஒன்று வெப்பநாட்டில் தன் வாழ்வை மாறாமல் நடத்துவதற்கு வேண்டிய யாவும் அங்கிருந்தன. பொருளை எடுத்துக்கொண்டு சீட்டில் கையொப்பம் இட்டால் போதும். மாத முடிவில் கணக்கு வரும். வெள்ளைத் தோலே பிணையாகக் கொள்ளப்பட்ட காலம் அது. வொயிட்அவே மட்டும் ரொக்கத்திற்கே விற்றது. அதனால் சம்பளம் குறைந்த வெள்ளையரும் நடுத்தர ஆசியரும் அங்கே நாடினர்.

தமிழருக்கும் அச்சதுக்கத்திற்கும் இருந்த தொடர்பு பெரும்பாலும் வாங்குவோர் என்ற தொடர்பன்று. சதுக்கத்திற்கு மிக அருகில் இருந்தது மார்க்கெட் ஸ்திரீட், தமிழர் வழக்கில் செட்டித் தெரு. அங்கே கிட்டங்கிகளில் பெட்டகத்தின் முன் பாயில் அமர்ந்து நகரத்தார் வட்டித்தொழில் நடத்தினர். வங்கிப் படி ஏற இயலாத சிறுகடைக்காரர் பலருக்கு முதல் தந்தவர் அவர்களே. சதுக்கத்திலிருந்து கடற்கரைச் சாலைக்குச் செல்லும் சேஞ்ச் ஆலி என்னும் குறுஞ்சந்தில் தமிழ் முஸ்லிம்கள் நாணயம் மாற்றினர். கடிகாரமும் கைக்குட்டையும் பெட்டியும் விற்றனர். கப்பலிலிருந்து இறங்கிய மாலுமியின் மொழி எதுவாயினும் அதில் நான்கு சொல் பேசி விலை பேசும் வன்மை அவர்களுக்கு இருந்தது. ஒருபுறம் எழுதிய விலை. இருபதடி தள்ளிப் பேசிய விலை. இரண்டும் ஒன்றையொன்று அழிக்காமல் ஒரு நூற்றாண்டு ஒட்டி வாழ்ந்தன என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

1941ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இராபின்சன்ஸ் இராபிள்ஸ் பிளேஸிலேயே ஒரு புதிய கட்டடத்திற்குக் குடிபெயர்ந்தது. சில வாரங்களுக்குள், டிசம்பர் 8ஆம் நாள் விடியுமுன், ஜப்பானிய விமானங்கள் நகரின்மீது முதன்முறையாகக் குண்டு வீசின. புதுக்கட்டடமும் தாக்குண்டது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ, கடையும் மூடியது. 1946இல் மீண்டும் கதவு திறந்தது. 1955இல் தன் பழைய போட்டியாளரான ஜான் லிட்டிலையே அது விலைக்கு வாங்கிற்று. பார்ப்போர்க்கு அது வெற்றியாகத் தோன்றியிருக்கும். ஆனால் இரு பெருங்கடைகளைத் தாங்கும் அளவுக்கு அவ்வாடிக்கையாளர் கூட்டம் இனி இல்லை என்பதற்கும் அதுவே முதல் அறிகுறி எனலாம். பேரரசு சுருங்கிக் கொண்டிருந்தது. 1960களின் தொடக்கத்தில் ஜான் லிட்டில் தன் இராபிள்ஸ் பிளேஸ் மாளிகையை விட்டு வெளியேறியது. வொயிட்அவே 1962இல் சிங்கப்பூரை விட்டே சென்றது. 1971இல் பிரிட்டிஷ் படைகளும் தம் தளங்களைக் காலி செய்தன.

ஆனால் அதற்கு முன்பே, வாங்குவோர் யார் என்பதை வேறு கண்ணோடு பார்த்தவர் ஒருவர் இருந்தார். 1923இல் சுவாத்தோவிலிருந்து பெட்டி நிறையப் பூத்தையல் துணிகளோடு வந்திறங்கிய டாங் சூன் கெங், வீடுவீடாகச் சென்று விற்றுப் பொருள் சேர்த்து, 1932இல் ரிவர் வேலி சாலையில் கடை வைத்தார். 1958இல் அவர் ஆர்ச்சர்டு சாலையில் பச்சை ஓடு வேய்ந்த சீனப்பாணிக் கட்டடம் ஒன்றை எழுப்பியபோது பலரும் நகைத்தனர். எதிரே இருந்தது தியோச்சியூ மக்களின் இடுகாடு. இடுகாட்டை நோக்கிய கடை விளங்குமா என்பது அவர்தம் ஐயம். டாங்கின் கணக்கு வேறு. தங்ளினில் குடியிருந்த மாதர் நகருக்குச் செல்ல அவ்வழியேதான் போக வேண்டும். அவர்கள் இராபிள்ஸ் பிளேஸை அடையுமுன் தம் கடையைக் காண்பர் என்பதே அது. அந்த இடுகாடு பின்னர் அகற்றப்பட்டு, அவ்விடத்தில் 1993இல் நீ ஆன் சிட்டி எழுந்து, ஜப்பானின் தக்காஷிமாயா அதில் குடிபுகுந்தது வரலாற்றின் விளையாட்டு.

அதே காலத்தில் ஆற்றின் வடகரையில் ஹை ஸ்திரீட் செழித்திருந்தது. 1821இல் அமைந்த அத்தெரு, சிங்கப்பூரின் முதல் தெரு எனப்படுவது. சிந்தி வணிகரின் பட்டுக்கடைகளுக்கு அது பெயர்பெற்றது. மெட்ரோ நிறுவனம் 1957இல் அங்கேதான் ஒரு துணிக்கடையாகத் தொடங்கியது. நகரமையம் இடம்பெயர்ந்த பிறகு அத்தெருவின் பெயர் மட்டும் எஞ்சியது.

இராபிள்ஸ் பிளேஸிலிருந்து கடைகள் வெளியேறியதற்குச் சட்டமும் ஒரு காரணம். போருக்கு முந்திய கட்டடங்களின் வாடகையை உயர்த்தவோ குடியிருப்போரை வெளியேற்றவோ 1947ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இடந்தரவில்லை. 1969இல் இயற்றிய சிறப்புச் சட்டமோ, 'பொற்காலணி' என்று பெயரிடப்பெற்ற நகரமையப் பகுதிக்கு மட்டும் அக்கட்டுப்பாட்டைத் தளர்த்தி, இழப்பீடு தந்து இடத்தை மீட்டுக்கொள்ள உரிமையாளர்க்கு வழி வகுத்தது. அந்நிலத்திற்கு உரிய குடி வங்கியே, கடையன்று என்று அரசாங்கம் தீர்மானித்துவிட்டது. செட்டித் தெருவின் கிட்டங்கிகளும் 1970களில் இவ்வாறே மறைந்தன. சேஞ்ச் ஆலி 1989 ஏப்ரல் இறுதிவரை தாக்குப்பிடித்தது.

இம்மாற்றத்தின் நடுவே, 1972 நவம்பர் 21ஆம் நாள் காலை பத்து மணியளவில் இராபின்சன்ஸ் கட்டடத்தில் தீப்பற்றியது. ஒன்பது பேர் உயிரிழந்தனர். மின்தூக்கியில் அகப்பட்டு மாண்டோரும் அவருள் உளர். மின்கம்பிகளில் அளவுக்கு மிஞ்சிய சுமையால் நேர்ந்த கோளாறே காரணம் என்று பின்னர்த் தெரிந்தது. கிறிஸ்துமஸ் விற்பனைக்கெனக் குவித்திருந்த சரக்கெல்லாம் சாம்பலாயிற்று. எனினும், இருபதே நாளில், டிசம்பர் 11ஆம் நாள், ஆர்ச்சர்டு சாலையின் ஸ்பெஷலிஸ்ட்ஸ் சென்டரில் இராபின்சன்ஸ் மீண்டும் திறந்தது. இருபது நாளில் ஒரு கடையை மீண்டும் நிரப்புவது எளிதன்று. எந்தப் பொருளை எவரிடம் வாங்குவது, எவ்விலைக்கு வாங்குவது, எதை எத்தனை வாங்குவது என்று அறிந்த கொள்முதல் அலுவலர் அதனிடம் இருந்தனர். அதன் பெயரை நம்பிச் சரக்கனுப்பும் ஆலைகள் இருந்தன. எரிந்தது கட்டடம், வணிக அறிவு எரியவில்லை. இக்குறிப்பை மனத்தில் கொள்ளுதல் நலம்.

அதன்பின் கால் நூற்றாண்டு ஆர்ச்சர்டு சாலையின் பொற்காலம். 1972இல் இசெத்தான் சிங்கப்பூருக்கு வந்தது. 1974இல் பிளாசா சிங்கப்பூராவில் யாவோஹான் திறந்தபோது மக்கள் வெள்ளம்போல் திரண்டனர். முப்பதாண்டுகளுக்கு முன் குண்டு வீசிய நாட்டின் கடையில் அதே நகரத்து மக்கள் ரொட்டிக்கும் உடைக்கும் வரிசையில் நின்றதைக் காலத்தின் கோலம் என்பதா, வணிகத்தின் வன்மை என்பதா! பழைய பெருங்கடைகளுள் கால்வைக்கத் தயங்கிய அடுக்குமாடிக் குடும்பங்கள் தயக்கமின்றி உள்நுழைந்த முதற் கடைகளுள் யாவோஹானும் ஒன்று. குளிரூட்டிய கூடத்தில் குழந்தைகளோடு உலவிவிட்டு ஒன்றும் வாங்காமல் திரும்பினாலும் எவரும் ஏனென்று கேட்பதில்லை. 1983இல் இராபின்சன்ஸும் சென்டர்பாயிண்ட் கடைத்தொகுதியில் விரிந்த தளங்களோடு அமர்ந்தது. இன்று அக்கடைக்காக வருந்துவோரின் நினைவில் நிற்பது இந்த இராபின்சன்ஸே; துரைமார் கையொப்பமிட்டு வாங்கிய கடையன்று.

சிராங்கூன் சாலையின் கதை சற்று வேறானது. 1905இல் சிங்கப்பூர் வந்த பி. கோவிந்தசாமிப் பிள்ளை ஒரு மளிகைக் கடையில் வேலைக்கு அமர்ந்து, பின் அச்சாலையிலேயே சொந்தக் கடை கண்டு, சேலையும் துணியும் மளிகையும் எனப் பல கடைகளாக விரித்தவர். தேக்கா வட்டாரத்தில் 'பிஜிபி' என்ற மூன்றெழுத்தை அறியாத தமிழர் அன்று இல்லை. 1963இல் அவர் தாயகம் திரும்பினார், 1980இல் மறைந்தார். சீனிவாசப் பெருமாள் கோயிலின் திருமண மண்டபம் அவர் பெயரால் விளங்குகிறது. ஐந்தடியில் மூட்டைகளை அடுக்கிய இத்தகைய கடைகளிலும் கடனுண்டு. ஆனால் அக்கடன் '555' என அட்டையில் அச்சிட்ட சிறு குறிப்பேட்டில் எழுதப்பட்டது. துறைமுகத்திலும் நகராண்மைக் கழகத்திலும் உழைத்தோர் சம்பள நாளில் அதைத் தீர்த்தனர். வேலையிழந்தவன் வீட்டில் அடுப்பெரிந்ததற்கு அக்குறிப்பேடே துணை. எழுதியவர்க்கு வாடிக்கையாளனின் ஊரும் உறவும் தெரியும். பேரங்காடிகளின் மறைவைப் பற்றி ஏடுகள் எழுதிய அளவுக்கு, அந்தக் குறிப்பேட்டின் மறைவைப் பற்றி எவரும் எழுதாதது குறையே.

தேக்கா வட்டாரம் 1989இல் பாதுகாப்புக்குரிய மரபுப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. கட்டடங்கள் காக்கப்பட்டன. ஆனால் அவற்றைக் கடைக்காரர்க்கு எட்டும் விலையில் வைத்திருந்தது பழைய வாடகைக் கட்டுப்பாடு. அது படிப்படியாக விலக்கப்பட்டு, 2001இல் முற்றும் நீங்கியது. சுவரும் சாளரமும் புதுவண்ணம் பெற, உள்ளேயிருந்த மாவரைப்போரும் வெற்றிலைக்காரரும் மெல்ல வெளியேறினர். ஓட்டைக் காத்து உயிரைக் காவாத காப்பு என்று குறைகூறினால் அது மிகையாகாது.

இவ்வட்டாரத்தில் காலத்தை எதிர்த்து வளர்ந்த கடையும் ஒன்றுண்டு. 1971இல் கேம்பல் லேனில் ஆயத்த ஆடை விற்கும் சிறுகடையாகத் தொடங்கிய முஸ்தபா, 1995இல் சையது ஆல்வி சாலையில் பெருங்கட்டடமாக எழுந்தது. 2003இலிருந்து கொள்ளைநோய்க் காலம்வரை இரவும் பகலும் திறந்திருந்தது. மதுரைக்காஞ்சி கூறும் அல்லங்காடி சிங்கப்பூரில் மீண்டது எனத் தமிழாசிரியர் ஒருவர் வகுப்பில் சொன்னால் மாணவர் மறுக்கமாட்டார். அழகிய காட்சிப்பேழையோ இன்னிசையோ அங்கில்லை. நடைவழிகளோ இருவர் ஒதுங்கிச் செல்ல இயலாத அளவு நெருக்கமானவை. பொருள் மட்டும் அளவற்றுக் கிடந்தது. கடையே அதை வாங்கிக் கடையே விற்றது.

பேரங்காடிகளின் நிலையோ இதற்கு மாறாயிற்று. தாமே சரக்கை வாங்கி, விற்காவிடின் தாமே இழப்பைத் தாங்கும் பழைய முறையைச் சிறிது சிறிதாகக் கைவிட்டன. தளத்தைக் கூறுகூறாகப் பிரித்து, பெயர்பெற்ற நிறுவனங்களுக்கு அளித்து, அவர்தம் பொருளை அவர்தம் விற்பனையாளரே விற்க, வந்த பணத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டன. இழப்பு அஞ்சாத எளிய வழி அது. ஆனால் நாளடைவில் இக்கடையில் கிடைக்கும் வாசனைத் தைலமும் கைப்பையும் அடுத்த கடையிலும் அதே விலைக்குக் கிடைத்தன. அடுத்த கடையென்ன, அந்நிறுவனமே கடைத்தொகுதியில் தனிக்கடை திறந்தது. கொள்முதல் அலுவலரின் கைத்திறன் தேவையற்றதாயிற்று. கடைக்காரர் வாடகைதாரரிடம் வாடகை பெறும் வாடகைதாரர் ஆனார்.

வாடிக்கையாளரும் இடம்பெயர்ந்தனர். 1987இல் பெருவிரைவு ரயில் ஓடத் தொடங்கியது. 1992இல் யீஷூனில் நார்த்பாயிண்ட், 1995இல் தெம்பனிஸ் மால், ஜூரோங் பாயிண்ட் எனக் குடியிருப்பின் வாசலிலேயே கடைத்தொகுதிகள் முளைத்தன. இராபின்சன்ஸின் தள்ளுபடி விற்பனை ஒரு காலத்தில் ஊரே காத்திருந்த நிகழ்ச்சி. 1994இல் 'மாபெரும் சிங்கப்பூர் விற்பனை' வந்தபின் எல்லாக் கடையிலும் எல்லாப் பொருளுக்கும் தள்ளுபடி. 1997இல் யாவோஹானின் தாய் நிறுவனம் ஜப்பானில் நொடித்தது. சிங்கப்பூர்க் கிளைகளும் மூடின. 2012இல் லாசாடா, 2015இல் ஷாப்பி என இணையக் கடைகள் வந்தபோது, பேரங்காடிகள் முன்னரே தம் தனித்தன்மையை இழந்திருந்தன. எந்தக் கடையிலும் கிடைக்கும் பொருளை வீட்டிலிருந்தே வாங்கலாம் என்றானபின், அந்தக் கடைக்கு ஏன் போவது என்ற வினாவுக்கு அவற்றிடம் விடையில்லை.

ஜான் லிட்டிலின் கடைசிக் கிளை 2016இன் இறுதியில் மூடியது. இராபிள்ஸ் பிளேஸ் ரயில் நிலையத்தின் நுழைவாயில்கள் அக்கடையின் பழைய மாளிகை முகப்பை ஒத்து அமைக்கப்பட்டவை; அவற்றினூடே அன்றாடம் விரையும் அலுவலர் பலர்க்கு அது ஒரு கடையின் முகம் என்பது தெரியாது.

இராபின்சன்ஸை 2008இல் துபாயின் அல்-ஃபுத்தைம் குழுமம் வாங்கியது. 2013இல் ஆர்ச்சர்டு சாலையின் ஹீரன் கட்டடத்தில் பெருஞ்செலவில் புதுக்கடை திறந்தது. அங்கே நடுத்தரக் குடும்பங்களைவிட உயர்விலைப் பொருள் நாடுவோரையே அது எதிர்பார்த்தது. பழைய வாடிக்கையாளர் தம் கடை தம்மை விட்டு விலகியதாக உணர்ந்தனர். புதிய வாடிக்கையாளரோ அருகிலிருந்த தக்காஷிமாயாவை விட்டு வரவில்லை. 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை நோய்ப்பரவலை முறியடிக்கும் திட்டத்தால் கடைகள் மூடிக் கிடந்தன, பயணிகளும் வரவில்லை. அவ்வாண்டு அக்டோபர் 30ஆம் நாள், எஞ்சியிருந்த இரு கடைகளையும் மூடுவதாக இராபின்சன்ஸ் அறிவித்தது. 1972இல் இருபது நாளில் மீண்ட கடைக்கு, சரக்கு எரியாத, கட்டடம் இடியாத இந்த அடியிலிருந்து மீள வழியில்லை. மீட்டு நிரப்புவதற்குத் தனக்கென்று சரக்கேது?

அறிவிப்பைக் கேட்டதும் மக்கள் பெருந்திரளாக வந்தனர். பரிசுச் சீட்டு வைத்திருந்தோர் கைவிரைந்து செலவிட்டனர். பல்லாண்டு பணியாற்றிய ஊழியர் பழைய வாடிக்கையாளரோடு நின்று படம் எடுத்துக்கொண்டனர். தம் சரக்கை அக்கடையில் வைத்து விற்ற சிறு வணிகர் நிலை வேறு. பொருள் விற்றுவிட்டது, பணம் கடையின் பெட்டியில், கடையோ கலைப்பாளர் கையில். தளத்தைப் பிறர்க்கு விட்டுப் பிழைத்த முறையின் இறுதிச் சுமை, அத்தளத்தில் பொருள் வைத்தோர் தலைமீதே விழுந்தது. ஹீரன் கடை 2020 டிசம்பரிலும், இராபிள்ஸ் சிட்டி கடை 2021 ஜனவரியிலும் மூடின.

அவ்வாண்டின் நடுவிலேயே இராபின்சன்ஸ் என்னும் பெயர் மீண்டும் விளம்பரங்களில் தோன்றியது. படுக்கை விரிப்பும் துவாலையும் செய்யும் ஆஸ்திரேலிய நிறுவனம் ஒன்று அப்பெயரை விலைக்கு வாங்கி, இணையத்தில் கடை திறந்திருந்தது. அது வாங்கியது பெயரைத்தான். பழைய கடை தரவேண்டிய பாக்கிக்காகக் காத்திருந்தோர், கலைப்பாளரிடமே தொடர்ந்து காத்திருந்தனர்.